வீடியோவில் கேட்ட சத்தம் வார்டில் கேட்கவில்லையே!

ஆன்லைன், ஹைப்ரிட் நர்சிங் வகுப்புகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். பதில் சொல்பவர் ஏழு வருடம் ஸ்டாஃப் நர்ஸாக வார்டில் இருந்தவர். அதன்பிறகு இருபது வருடத்துக்கு மேலாக நர்சிங் டியூட்டர்.

கேள்வி: பள்ளிப் படிப்பை முடித்திருக்கிறேன். ஒரு கல்லூரி ‘ஹைப்ரிட் நர்சிங்’ என்று விளம்பரம் செய்கிறது. வீட்டில் இருந்தபடியே படித்து நர்ஸ் ஆகிவிட முடியுமா?

பதில்: ‘வீட்டில் இருந்தபடியே’ என்பதை அடித்துவிட்டு மறுபடி கேளுங்கள் தங்கச்சி. பாதியை வீட்டில் படிக்கலாம். நர்ஸ் ஆவது வார்டில்தான்.

ஹைப்ரிட் என்றால் படிப்பை இரண்டாகப் பிரிக்கிறார்கள். உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், நுண்ணுயிரியல், ஊட்டச்சத்து மாதிரி உட்கார்ந்து கேட்கிற பாடங்கள் திரைக்குப் போகும். அதிலும் இரண்டு விதம். குறித்த நேரத்தில் எல்லோரும் உள்ளே வந்து ஆசிரியரோடு பேசுகிற நேரலை வகுப்பு ஒன்று. பதிவு செய்து வைத்த பாடத்தை வாரக் கெடுவுக்குள் நீங்களே பார்த்து, வினாடி வினா எழுதி, விவாதப் பக்கத்தில் உங்கள் கருத்தைப் போடுவது இன்னொன்று. மூடில் (Moodle) மாதிரி ஓர் ஆன்லைன் பாடத் தளத்துக்குள் இதெல்லாம் நடக்கும். எந்த வீடியோவை எத்தனை நிமிடம் பார்த்தீர்கள், எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்பதை அந்தத் தளம் குறித்து வைத்துக்கொள்ளும். ஓட விட்டுவிட்டுத் துணி மடிக்கிற பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்த பாதி ஸ்கில் லேப் என்கிற செய்முறைக் கூடம், சிமுலேஷன் என்கிற பொம்மை நோயாளியோடு ஒத்திகை, போஸ்டிங் என்கிற மருத்துவமனைப் பயிற்சி. இதற்கு நேரில் வந்தே ஆக வேண்டும். சில கல்லூரிகள் வாரத்தில் இரண்டு நாள் என்று பிரித்து வைக்கும். சில, ஐந்தாறு வாரம் திரையிலேயே நடத்திவிட்டு மொத்தமாக நேரில் வரச் சொல்லும். நான் முதல் வகைக்குக் கட்சி. திங்களன்று இன்சுலின் வகைகளைப் படித்தவள் புதனன்று சிரிஞ்சில் யூனிட் அளந்து எடுத்தால் அது மனதில் நிற்கும். ஐந்து வாரம் கழித்து எடுக்கச் சொன்னால், படித்தது எங்கே போனது என்று அவளுக்கே தெரியாது.

சேரும்முன் விளம்பரத்தை ஓரமாக வைத்துவிட்டு அலுவலகத்தில் நேராகக் கேளுங்கள். பதிவு கொடுக்கிற நர்சிங் கவுன்சில் இந்தப் படிப்பை ஏற்கிறதா? மருத்துவமனைப் பயிற்சி மொத்தம் எத்தனை மணி நேரம், அதை எழுத்தில் தருவார்களா? போஸ்டிங் எந்த மருத்துவமனையில், அதைக் கல்லூரி ஏற்பாடு செய்யுமா, நீங்களே தேடிக்கொள்ள வேண்டுமா? வார்டில் ஒரு டியூட்டருக்கு எத்தனை மாணவிகள்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் யோசியுங்கள். நீங்கள் முதல்முறை ஊசி போடும்போது உங்கள் கையை யார் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதுதான் அந்தக் கேள்வி.

கேள்வி: முதலாண்டு மாணவி நான். ரத்த அழுத்தம் பார்ப்பது பற்றி ஆன்லைன் தேர்வில் முழு மதிப்பெண். வீடியோவில் அந்த ‘டப் டப்’ சத்தம் தெளிவாகக் கேட்டது. வார்டில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. தோன்றிய எண்ணைச் சொல்லிவிட்டேன். எனக்கு இந்த வேலை வராதா?

பதில்: சொல்லிவிட்டீர்களே, அதுவே பெரிசு. தோன்றிய எண்ணைச் சொன்னவர்கள் உங்கள் பேட்சில் இன்னும் சிலர் இருப்பார்கள். எழுதிக் கேட்டது நீங்கள்தான்.

முதலில் சத்தத்தைப் பார்ப்போம். 1905-ல் கொரோட்கோஃப் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர் சொன்ன முறையைத்தான் இன்றும் செய்கிறோம். கையில் சுற்றிய பட்டையைக் காற்றடித்து இறுக்கி ரத்த ஓட்டத்தை நிறுத்துகிறோம். காற்றை மெல்ல விடும்போது, நெருக்கத்தினூடே ரத்தம் பாயத் தொடங்குகிற முதல் சத்தம் மேல் எண். சத்தம் மறைகிற இடம் கீழ் எண். வீடியோவில் அந்தச் சத்தத்தை மைக் வைத்துப் பெருக்கிப் போடுகிறார்கள். மேளம் மாதிரி கேட்கும். உண்மையான கையில் அது கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ விரல் நுனியால் தட்டுகிற மாதிரிதான் இருக்கும். அதோடு வார்டு அமைதியாகவா இருக்கிறது? தள்ளுவண்டி உருளும், பக்கத்துக் கட்டிலில் இருமுவார்கள், நீங்கள் பார்க்கிற நோயாளியே உங்களிடம் பேசுவார்.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். நான் பக்கத்தில் நின்றிருந்தால் பார்த்திருக்கக்கூடியதைச் சொல்கிறேன். ஸ்டெதஸ்கோப்பின் காது முனைகள் முன்பக்கமாக, மூக்கை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் சத்தம் பாதியாகிவிடும். நெஞ்சில் வைக்கிற தலைப்பகுதியில் இரண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். முழங்கை மடிப்பில், உடம்பை ஒட்டிய பக்கமாக, நாடித் துடிப்பை விரலால் தேடிக் கண்டுபிடித்த பிறகுதான் அதை வைக்க வேண்டும். பெரும்பாலான புது மாணவிகள் மடிப்பின் நடுவில் உத்தேசமாக வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், காற்றை வெளியே விடுகிற அந்தத் திருகு. திரையில் ‘நொடிக்கு 2 முதல் 3 மி.மீ. இறக்கவும்’ என்று எழுதியிருக்கும், நீங்களும் சரியான விடையைத்தான் தொட்டிருப்பீர்கள். ஆனால் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தத் திருகை எவ்வளவு திருப்பினால் நொடிக்கு 2 இறங்கும் என்பதை விரல்தான் கற்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் புஸ்ஸென்று விட்டுவிடுவார்கள். வேகமாக விட்டால் முதல் சத்தத்தைத் தாண்டிப் போய்விடுவீர்கள். மேல் எண் குறைவாகவும் கீழ் எண் அதிகமாகவும் வரும்.

ஜார்ஜ் மில்லர் என்பவர் 1990-ல் மருத்துவக் கல்விக்காக நாலு படி சொன்னார்: தெரிவது, எப்படி என்று தெரிவது, செய்து காட்டுவது, நிஜத்தில் செய்வது. ஆன்லைன் தேர்வு உங்களை இரண்டாம் படி வரை பார்த்து முழு மதிப்பெண் கொடுத்திருக்கிறது. அந்த மதிப்பெண் பொய்யில்லை. மூன்றாம் படியை இன்னும் யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஸ்கில் லேபில் இரட்டைக் காது ஸ்டெதஸ்கோப் இருக்கும். ஒரே தலை, இரண்டு பேர் காதில். டியூட்டரிடம் கேட்டு வாங்கி, அவர் கேட்கும்போதே நீங்களும் கேளுங்கள். “இதோ” என்று அவர் விரலைத் தூக்குகிற நொடியில் உங்களுக்குக் கேட்டதா என்று பாருங்கள். அப்படி இருபது கை பார்த்துவிட்டால் காது பழகிவிடும். அதுவரை வார்டில் கேட்காவிட்டால் “கேட்கவில்லை சிஸ்டர், ஒரு தடவை நீங்கள் பாருங்கள்” என்று சொல்லுங்கள். எண்ணை மட்டும் கற்பனை செய்யாதீர்கள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் அடுத்த மாத்திரையைக் கொடுப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்வார்கள்.

கேள்வி: மகள் நர்சிங் படிக்கிறாள். போஸ்டிங் நேரத்தில் ஒரு பகுதியைப் பொம்மையை வைத்து முடித்துவிடுகிறார்களாம். பணம் கட்டுவது பொம்மைக்கு ஊசி போடவா?

பதில்: கோபம் புரிகிறது ஐயா. ஆனால் பொம்மை உங்கள் மகள் காலத்தில் வந்ததல்ல. 1911-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு மருத்துவமனையின் நர்சிங் பள்ளிக்காக மார்த்தா சேஸ் என்ற பொம்மை செய்பவர் ஆளுயரத்துக்கு ஒரு பொம்மை செய்து கொடுத்தார். ‘மிஸஸ் சேஸ்’ என்று அதற்குப் பேர். இன்றைய பொம்மைகளுக்கு நாடி துடிக்கும், மூச்சு ஏறி இறங்கும், பக்கத்து அறையில் இருந்து டியூட்டர் மைக்கில் பேசினால் “மூச்சு முட்டுது சிஸ்டர்” என்று சொல்லும்.

இதனால் பலன் உண்டா என்று பெரிய அளவில் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 10 நர்சிங் பள்ளிகளில் மாணவர்களைப் பிரித்து, ஒரு குழுவுக்கு வழக்கமான போஸ்டிங், ஒரு குழுவுக்கு 25 சதவீத நேரம் சிமுலேஷன், இன்னொன்றுக்கு 50 சதவீதம் என்று வைத்துப் பார்த்தார்கள். 2014-ல் முடிவு வந்தது. அறிவிலும் திறமையிலும் பதிவுத் தேர்விலும் குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. இதைச் சொல்லித்தான் கல்லூரிகள் பொம்மை வாங்குகின்றன. அந்தப் பள்ளிகளில் சிமுலேஷன் நடத்தியவர்கள் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள், ஒவ்வொரு காட்சிக்குப் பின்னும் மாணவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள் என்பதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

அந்த உட்கார்ந்து பேசுவதற்குப் பேர் டீப்ரீஃபிங். பொம்மையின் ஆக்சிஜன் அளவு இறங்கும்போது உங்கள் மகள் மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாளா, முகத்தையும் உதட்டையும் பார்த்தாளா? மூக்கில் மாட்டிய குழாய் கழன்று கிடந்ததை எப்போது கவனித்தாள்? வார்டில் இதையெல்லாம் நிறுத்தி நிதானமாகக் கேட்க முடியாது. லேபில் முடியும். ஆகவே மகளிடம் “பொம்மையோடு எத்தனை மணி நேரம்?” என்று கேட்காதீர்கள். “முடிந்தபிறகு மேடம் உட்கார்ந்து பேசினாரா?” என்று கேளுங்கள். கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள் என்றால் உங்கள் கோபம் நியாயம்.

கேள்வி: போன் ஒன்றே போதுமா, லேப்டாப் வாங்க வேண்டுமா?

பதில்: வகுப்பு கேட்க போன் போதும். தேர்வுக்கும் கேர் பிளான் (நோயாளிக்கான பராமரிப்புத் திட்டம்) எழுதவும் லேப்டாப் வேண்டும். புதிதாக வாங்க வசதியில்லை என்றால் கல்லூரி நூலகத்தில் இருப்பதைக் கேட்டு வையுங்கள். பாடத்தைத் தரவிறக்கி வைத்துக்கொள்ள முடிகிறதா என்றும் பாருங்கள், இணையம் தேர்வு அன்றுதான் காலை வாரும்.

கேள்வி: எட்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸ். டிப்ளமாவில் இருந்து பட்டத்துக்கு ஆன்லைனில் படிக்கிறேன். நைட் டியூட்டி முடிந்து வந்து நேரலை வகுப்பில் உட்கார்ந்தால் தூக்கம் சொக்குகிறது. எப்படிச் சமாளிப்பது?

பதில்: சிஸ்டர், உங்கள் நிலைமை மேலே கேட்ட தங்கச்சியுடையது மாதிரி இல்லை. உங்களுக்குக் கை ஏற்கெனவே பழகிவிட்டது, பதிவும் இருக்கிறது. அதனால் உங்கள் படிப்பில் பெரும்பகுதி திரையில் இருப்பது சரிதான். ஆராய்ச்சி முறை, நிர்வாகம், சமூக நலம், புள்ளியியல் எல்லாம் உட்கார்ந்து படிக்கிறவைதான்.

நைட் முடிந்த காலையில் நேரலை வகுப்பு என்றால், நேராகத் தூங்கப் போய்விடுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. டியூட்டி ரோஸ்டரை மாத ஆரம்பத்திலேயே பாட ஆசிரியருக்கு அனுப்பி, எந்தெந்த நாள் பதிவைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். வேலை பார்ப்பவர்களுக்கான படிப்பு என்று சொல்லிச் சேர்த்தவர்கள் இதற்கு இடம் தர வேண்டும். தூங்கி எழுந்து, பதிவைத் துண்டு துண்டாகப் பாருங்கள். பதினைந்து நிமிடம் பார்த்ததும் நிறுத்தி, திரையை மூடி, கேட்டதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டி முடிப்பதைவிட இது லாபம்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதைப் பயன்படுத்தாமல் விடாதீர்கள். கைகழுவும் ஐந்து தருணங்களை உலக சுகாதார நிறுவனம் 2009 வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது என்று மாணவிகள் மனப்பாடம் செய்வார்கள். அந்த ஐந்தில் எதை உங்கள் வார்டில் அடிக்கடி தவறவிடுகிறார்கள் என்பது உங்களுக்குக் கண்ணால் பார்த்துத் தெரியும். அசைன்மென்டில் அதை எழுதுங்கள். புத்தகத்தில் இருப்பதை ஆசிரியருக்குத் திருப்பிச் சொல்லாதீர்கள், அவர் ஏற்கெனவே படித்திருக்கிறார்.

கேள்வி: வார்டில் பார்த்ததை எழுதச் சொல்கிறார்களே என்று, போஸ்டிங்கில் பார்த்த புண்ணைப் படம் எடுத்து விவாதப் பக்கத்தில் போட்டேன். முகம் தெரியவில்லை, பேரும் இல்லை. ஆனாலும் மேடம் திட்டிவிட்டார். என்ன தப்பு?

பதில்: தப்புதான் தம்பி. முதலில் அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள், போனில் இருப்பதையும் சேர்த்து.

முகம் தெரியாவிட்டால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். படத்தின் ஓரத்தில் கட்டில் எண் இருந்திருக்கும், மணிக்கட்டுப் பட்டை இருந்திருக்கும், பச்சை குத்தியது இருந்திருக்கும். எதுவும் இல்லாவிட்டாலும் “நேற்று பெண்கள் சர்ஜிகல் வார்டில்” என்று நீங்கள் எழுதிய வரி போதும், அவர் வீட்டார் கண்டுபிடிக்க. அந்த அம்மா புண்ணைக் காட்டியது டிரெஸ்ஸிங் மாற்ற. நாற்பது பேர் பார்க்க இல்லை. படத்துக்குப் பதில் அளவு, நிறம், ஓரம், கசிவு, வாடை, வலி என்று சொற்களில் எழுதுங்கள். ஷிஃப்ட் முடிந்து அடுத்த நர்ஸுக்கு ஹேண்ட் ஓவர் கொடுக்கும்போதும் வாயால்தானே சொல்லப்போகிறீர்கள்.

கேள்வி: ஆன்லைன் தேர்வில் கேமரா வைத்துக் கண்காணிக்கிறார்கள். கணக்குப் போடும்போது மேலே பார்த்து யோசிப்பது என் பழக்கம். சந்தேகம் என்று குறித்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?

பதில்: அநியாயம்தான். யோசிக்கிறவர்கள் மேலேதான் பார்ப்பார்கள். பதிவை ஒரு மனிதர் பார்த்து முடிவு சொல்ல வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள். அப்படிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நீங்கள் கணக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. 1000 மி.லி. சலைன், 8 மணி நேரம், மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப் செட். நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? 20,000 சொட்டை 480 நிமிடத்தால் வகுத்தால் 41.67, அதாவது 42. திரையில் 42 என்று தட்டினால் மதிப்பெண் வந்துவிடும். வார்டில் 42 வைத்துவிட்டு நகர்ந்தால், நோயாளி முழங்கையை மடக்கியதும் 20 ஆகும், நிமிர்ந்து உட்கார்ந்ததும் மாறும். அரை மணி கழித்துக் கைக்கடிகாரத்தைப் பார்த்து மறுபடி எண்ண வேண்டும். இதைக் கேமரா வைத்துத் தேர்வு நடத்துகிற யாரும் கேட்பதில்லை. அதற்குத்தான் 1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் என்பவர் ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வைக் கொண்டுவந்தார்: வரிசையாக நிலையங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, பக்கத்தில் பட்டியலோடு ஒருவர். உங்கள் கல்லூரியில் அது இருந்தால், கேமராவில் மேலே பார்த்ததைப் பற்றி ரொம்பக் கவலைப்பட மாட்டேன்.

கேள்வி: என் மகள் ஆன்லைன் டெமோவுக்காக அவள் பாட்டியைக் கட்டிலில் படுக்க வைத்து விரிப்பு மாற்றிப் பழகுகிறாள். வீட்டில் இதெல்லாம் செய்யலாமா?

பதில்: செய்யட்டும் அம்மா. படுக்கையில் ஆள் இருக்கும்போதே விரிப்பு மாற்றுவது, புரட்டிப் படுக்க வைப்பது, நாடி எண்ணுவது, கட்டுப் போடுவது எல்லாம் வீட்டில் பழகலாம். ஊசி, குழாய், மருந்து இவை மட்டும் கூடாது. பாட்டி எவ்வளவு தாராளமாகக் கையை நீட்டினாலும் கூடாது.

2020-ல் கல்லூரி மூடிக் கிடந்தபோது நானும் இப்படித்தான் நடத்தினேன். முதல் வாரம் என் பக்கத்துக் கூத்து. ஸ்டெரைல் கையுறை போடுவதைக் கேமராவைப் பார்த்தபடி செய்து காட்டினேன். நான் வலது கையை முதலில் நுழைத்தேன். எதிரில் இருப்பவர்களுக்கு அது இடப்பக்கம் தெரிந்திருக்கிறது. பாதிப் பேர் நான் செய்ததற்கு எதிர்க் கையில் போட்டுப் பழகிவிட்டார்கள். பிறகு புத்தகங்களை அடுக்கி என் தோளுக்குப் பின்னால் போனை நிறுத்தினேன். என் கண்ணில் தெரிவதே அவர்களுக்கும் தெரிந்தது. உங்கள் மகளும் போனைத் தலைமாட்டில் வைக்காமல் தோளுக்குப் பின்னால் வைக்கட்டும்.

அந்த வகுப்பிலும் ஒரு பாட்டி படுத்திருந்தார். பேத்தி விரிப்பை உருட்டி, அவரை ஒருக்களித்து, பழையதை உருவிப் புதியதை இழுத்து, மூலைகளை மடித்து முடித்தாள். பட்டியலில் இருந்த எல்லாவற்றுக்கும் டிக் போட்டுவிட்டு “நல்லா இருந்துச்சா பாட்டி?” என்று நான் கேட்டேன். “கை ஐஸ் மாதிரி இருக்கு. தொடுறதுக்கு முன்னாடி தேய்ச்சுச் சூடு பண்ணிட்டு வரச் சொல்லும்மா” என்றார். என் பட்டியலில் அது இல்லை, அன்றே சேர்த்தேன்.

உங்கள் வீட்டுப் பாட்டிக்கு இடுப்பு வலியோ தலைச்சுற்றலோ இருந்தால் மட்டும் புரட்டுகிற பயிற்சிக்கு வேறு ஆளைப் பிடியுங்கள்.